வண்டிக்கு நானே ஆயில் மாற்றிய கதை

புளி வாங்கினால் மூட்டையின் நடுவில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். மேலே சுத்தமாக இருக்கும், நடுவில் கொட்டையும் நாரும் திணித்திருப்பார்கள். சாமை வாங்கினால் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பேன். வெளியூர் போனாலும் என் பையில் ஒரு கிலோ படிக்கல் கிடக்கும், எதிராளியின் தராசைச் சோதிக்க. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன்னை மட்டும்தான் நான் எடை போட்டுப் பார்க்கவில்லை என்று என் மனைவி சொல்வாள். வியாபாரிக்கு இந்தப் புத்தி வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு மளிகைக் கடை, அத்தா காலத்தில் ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள் வெள்ளிமலைச் சந்தைக்குப் பருப்பு, எண்ணெய், சோப்பு, கருவாடு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அங்கே உள்ள சில்லறைக் கடைகளுக்குப் போடுவோம். திரும்பும்போது மலையில் விளைந்த சாமை, தினை, புளி, கடுக்காய் வரும். இதற்காகவே ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து எட்டு வருடம் அதை ஓட்டியவர் வடக்கனந்தல்காரர் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர் மனைவி கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போவார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். என்னைப் பாய் என்று கூப்பிடுவார். பேச்சு கம்மி.

பேச்சு கம்மியான ஆள் மீது எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. இன்னொரு மண்டிக்காரரின் டிரைவர் டீசல் எடுத்து விற்று மாட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டதும் அந்தக் கண் பெரிதாகத் திறந்துகொண்டது. ஒரு மாதம் டீசலைக் கணக்குப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு சொட்டுகூடக் குறையாமல் அவ்வளவு சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. டீசலில் கை வைக்கவில்லை என்றால் வேறு எதிலோ வைக்கிறான் என்று மனம் சொன்னது. செல்போனில் வீடியோ பார்த்து, எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று கம்பியை உருவிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கம்பியின் நுனியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

வெள்ளிமலையில் நாங்கள் சரக்கு இறக்கும் கடை ஒரு ஏற்றமான தெருவில் இருக்கிறது. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பது வழக்கம். அங்கே வருகிற எல்லா வண்டிக்கும் அந்தக் கல்தான் காவல். ஒரு சந்தை நாளில் டிரைவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பானட்டைத் தூக்கிக் கம்பியை உருவினேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. பத்து நாள் முன்னால்தான் மெக்கானிக் ஷெட்டில் ஆயில் மாற்றி நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்கு வரும் முன்பே குடோன் வாசலில் நின்ற வண்டியில் மறுபடி பார்த்தேன். மேல்கோடு வரை நிரம்பியிருந்தது. அடுத்த சந்தை நாளும் மலையில் குறைவு, மறுநாள் ஊரில் நிறைவு. மூன்றாவது வாரமும் அப்படியே. எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து ஊற்றும் திருடன் உலகத்தில் உண்டா என்று ஒரு சின்ன யோசனை வந்ததுதான். அதற்கும் நான் பதில் வைத்திருந்தேன். மலையில் நல்ல ஆயிலை எடுத்து ஜீப்காரர்களுக்கு விற்கிறான். இறங்கி வந்ததும் மெக்கானிக் ஷெட்டில் கிடக்கும் எரிந்துபோன பழைய ஆயிலை ஊற்றி அளவைச் சரிக்கட்டுகிறான். இல்லாவிட்டால் பத்து நாளில் ஆயில் எதற்குத் தார் மாதிரி கறுக்க வேண்டும்? மெக்கானிக்கும் கூட்டு. சந்தையில் நான் புளி எடை போடும்போது இவன் நிழலுக்கு என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கிறானே, அது எதற்கு? எல்லாம் பொருந்தி வந்தது. இவ்வளவு துப்புத் துலக்கிய என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காவது சந்தை நாளில் கையில் கம்பியோடு அவரை எழுப்பினேன். வண்டிக்கு அடியிலிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தார். கடை வாசலில் சாமை மூட்டையோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் குரலை உயர்த்தினேன்.

"ஆயில் எங்க போவுது?"

அவர் கம்பியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "வண்டி மேட்டுல நிக்கிது பாய். மேட்டுல நிக்கறப்ப கம்பி..."

"மேடு வந்து ஆயில குடிக்கிதா?" என்றேன்.

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. மெக்கானிக்கோடு கூட்டு, பழைய ஆயில், ஜீப்காரர்கள் என்று மனதில் கட்டி வைத்திருந்த மொத்தத்தையும் கொட்டினேன். அவர் ஒரு முறை வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து பானட் மேல் வைத்தார்.

"எட்டு வருசம் ஓட்டிக்கினு இருந்தேன் பாய்," என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். குற்றமில்லாதவன் இப்படிப் பேசாமல் போவானா என்று, போகிற முதுகையும் சந்தேகப்பட்டேன்.

வண்டியை நானே இறக்கினேன். லைசென்ஸ் உண்டு, மலை இறக்கிப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கலிமாச் சொல்லிக்கொண்டு, பிரேக் நாற நாற, மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலையேறும் வண்டிகள் எல்லாம் நிற்கும் டீக்கடை ஒன்று அங்கே உண்டு. டிரைவர்களும் வண்டி முதலாளிகளும் அங்கேதான் கூடுவார்கள். டிரைவர் எங்கே என்று கேட்டார்கள். பயத்திலும் கோபத்திலும் இருந்தேன். ஆயில் எடுத்து விற்றான், துரத்திவிட்டேன் என்றேன். ஒருவரும் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மூன்று பேர், நான் அப்பவே நெனச்சேன் என்றார்கள்.

இனி என் வண்டியில் வேறு எவன் கையும் படக்கூடாது என்று முடிவு செய்தேன். மெக்கானிக் ஊற்றிய பழைய ஆயிலை வெளியேற்றி, புது ஆயிலை என் கையாலேயே ஊற்ற வேண்டும். தெரிந்த கடையில் வாங்கினால் மெக்கானிக்குக் கமிஷன் போகும் என்று, முன்பின் தெரியாத கடைக்குப் போனேன். டின்னின் மூடியைச் சுரண்டிப் பார்த்தேன், ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், காதருகே வைத்துக் குலுக்கினேன். கடைக்காரர், இது என்ன தேங்காயா பாய் என்றார். ஃபில்டரை இன்னொரு கடையில் வாங்கினேன். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கினால் இரண்டிலும் ஒரே ஆள் ஏமாற்றலாம் அல்லவா. வீட்டுக்கு வந்ததும் டின்னைக் கடைத் தராசில் வைத்து எடை போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, குடோன் வாசலில் சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தினேன். ஆயில் இளகட்டும் என்று எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். கோணிச் சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து அடியில் நகர்ந்தேன். அடித்தொட்டியில் ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றினால் ஆயில் இறங்கும். ஸ்பேனரைப் போட்டு முக்கினேன், அசையவில்லை. திறக்க முடியாதபடி மெக்கானிக் வேண்டுமென்றே இறுக்கிவிட்டான் என்று அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டினேன். கால் மணி நேரம் கழித்துத்தான், படுத்தபடி பார்ப்பதால் திசை மாறி இறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. மறுபக்கம் திருகியதும் பட்டென்று இளகி, சூடான ஆயில் விரலில் இறங்கி முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது. போல்ட் நழுவி, அடியில் வைத்திருந்த பேசினுக்குள் விழுந்தது. ஆயில் கறுகறுவென்று வந்தது. இரண்டு விரலால் தேய்த்து, முகர்ந்து, பழைய ஆயில்தான் என்று உறுதி செய்தேன். வண்டியிலிருந்து இறங்குவது பழைய ஆயிலாகத்தானே இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய ஃபில்டர் கையில் வழுக்கியது. என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதைச் சுற்றி இறுக்கித் திருகினேன். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி மாட்டினேன். போல்ட்டைத் துடைத்துப் புது வாஷரோடு முடுக்கினேன். டின்னில் போட்டிருக்கும் கோடுகளை நம்பாமல், கடையில் கடலை எண்ணெய் அளக்கும் லிட்டரை எடுத்துவந்து அளந்து அளந்து புனலில் ஊற்றினேன். அந்த லிட்டர் இனிமேல் கடைக்குள் வந்தால், தான் வெளியே போய்விடுவதாக மனைவி வாசலில் நின்று சொன்னாள். கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு உருவினேன். மேல்கோட்டில் தேன் நிறத்தில் ஆயில் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் செய்ததில்லை.

அத்தோடு விடவில்லை. மகளின் சிவப்பு நெயில் பாலிஷை வாங்கி, போல்ட்டுக்கும் தொட்டிக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன். யாராவது திருகினால் கோடு உடையும். ஆயில் ஊற்றும் மூடிக்கு மேல் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். பேசினில் இருந்த பழைய ஆயிலைச் சாட்சி என்று ஒரு கேனில் ஊற்றிக் குடோனில் பூட்டி வைத்தேன். வேலிக் கம்புக்குக் கரையான் பிடிக்காமல் பூச வேண்டும் என்று பக்கத்து வீட்டார் கேட்டதற்கும் கொடுக்கவில்லை. இவருக்கு எதற்கு அவ்வளவு அவசரம் என்று யோசித்தேன்.

அடுத்த சந்தை நாளில் சரக்கேற்றித் தனியாக மலைக்குப் போனேன். வழியில் எங்கும் நிறுத்தவில்லை, இறங்கவில்லை. கடை வாசலில் மூக்கு மேலாக நிறுத்தி, கல்லை முட்டுக் கொடுத்து, பானட்டைத் தூக்கி, ஊருக்கே காட்டுவது போலக் கம்பியை உருவினேன்.

கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும், கறுப்பாக.

சந்தேகப்பட ஆளே இல்லாமல் நான் நின்ற முதல் நாள் அதுதான். டேப்பில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் சேற்றில் படுத்து அடியில் பார்த்தேன். சிவப்புக் கோட்டில் ஒரு கீறல் இல்லை. ஒழுகவும் இல்லை. ஆயில் விற்றவன் ஏமாற்றிவிட்டானா? அளந்தது நான், எடை போட்டது நான். அப்படியே சேற்றில் கிடந்தபோதுதான், பாதியில் நான் வெட்டிய அந்தப் பேச்சு காதில் விழுந்தது. வண்டி மேட்டில் நிற்கிறது.

எழுந்து போய் வண்டியை எடுத்து, பஸ் திரும்பும் சமதரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு டீ குடித்தேன். கம்பியை உருவினேன். மேல்கோடு வரை இருந்தது. மறுபடி மேட்டுக்கு ஓட்டிப்போய் உருவினேன். இல்லை. மறுபடி சமதரை. இருந்தது. மூக்கு மேலே தூக்கி நின்றால் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிவிடுகிறது, கம்பிக்கு எட்டுவதில்லை. மூன்று முறை ஏறி இறங்கிய என்னைச் சாமை விற்க வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். நிறம் மட்டும் ஏன் இப்படி என்று பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவரிடம் கேட்டேன். டீசல் வண்டியில் புது ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடும் என்றார். எட்டு வருடமாக வண்டி வைத்திருக்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது.

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். மேடு வந்து ஆயிலைக் குடிக்கிறதா என்று நான் கேட்டதும், இரண்டு பேர் சிரித்ததும், அவர் வாயை மூடிக்கொண்டதும் திரும்பத் திரும்ப வந்தன. அன்று புளி எடுக்கவில்லை. காலி வண்டியோடு நேராக வடக்கனந்தலுக்கு இறங்கினேன்.

அவர் வீட்டு வாசலில் அவருடைய மனைவி விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. எழுந்து நின்றார்.

"இப்ப இன்னா காணோம்னு வந்தீங்க?" என்றார்.

ஒன்றும் காணாமல் போகவில்லை, தப்பு என்னுடையது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தன் கணவர் மூன்று முதலாளிகளிடம் வண்டி கேட்டுப் போனதாகவும், டீக்கடைப் பேச்சு இவருக்கு முன்னால் அங்கெல்லாம் போயிருந்ததாகவும் சொன்னார். இரண்டு பேர் வண்டி இல்லை என்றார்களாம். இன்னொருவர் முகத்துக்கு நேராகவே, ஆயில் எடுக்கிற ஆள் வேண்டாம் என்றாராம். இப்போது மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போயிருக்கிறார், இந்த வயதில் குனிந்து பிடுங்கி இடுப்பு நிமிரவில்லை என்றார்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் மண் ஒட்டிய கையோடு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்புக் கோடு வரைக்கும். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கையை வேட்டியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத என்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம் பாய்? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

நியாயம்தான். மறுநாள் காலையிலேயே இருவரும் அந்த டீக்கடைக்குப் போனோம். அவர் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றுகொண்டார். நான் பெஞ்சில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, தப்பு முழுக்க என்னுடையது, இவர் ஒரு சொட்டும் எடுக்கவில்லை என்றேன். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் வண்டியைச் சரிவில் ஏற்றிக் காட்டினேன், சமதரையில் இறக்கிக் காட்டினேன், கம்பியை ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேராக நீட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். மேட்டில் அளவு காட்டாது என்பது டிரைவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான், தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு லேசானது.

அப்போது ஒரு வண்டி முதலாளி கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "இன்னா பண்றது பாய். மலைக்கு ஓட்ட வேற ஆளு கெடைக்கலன்னா இவனையே வச்சிக்க வேண்டியதுதான்," என்றார்.

அப்படி இல்லை என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு கூடிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சிரித்திருக்கிறேன். இன்னொருவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், இருக்கட்டும், எதற்கும் பானட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று காதோடு சொன்னார். அன்று ஒரு ஆதாரமும் இல்லாமல் நான் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் நம்பியவர்கள் இவர்கள். இன்று கையில் ஆதாரத்தோடு நிற்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. புளியமரத்தடியிலிருந்த அவருக்கு எல்லாமே கேட்டது.

வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன்.

"வராம வேற எங்க போவறது?" என்றார். "வேற எவனும் வண்டி குடுக்காத மாதிரி பண்ணீட்டீங்க. ஓட்டறேன் பாய். ஆனா ஆயில் பாக்கறது, மாத்துறது எல்லாம் உங்க வேல. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

இப்போது அவர்தான் வண்டி ஓட்டுகிறார். முன்பு போலவே ஓட்டுகிறார். ஆயில் மாற்றும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும், நான் சாக்கை விரிக்கும்போதே அவர் வண்டியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விடுகிறார். போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி நட்டநடுவில் நிற்கிறார். போன முறை ஃபில்டர் இறுகிக்கொண்டது. ஒரு கை பிடித்தால் போதும், கொஞ்சம் வாங்க என்று அடியிலிருந்து கூப்பிட்டேன். முன்பெல்லாம் வாப்பா போப்பா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது வாங்க என்கிறேன். பாய் கூப்பிடுகிறார், யாராவது போய்ப் பிடியுங்கள் என்று மூட்டை தூக்குகிறவர்களிடம் அவர் சொல்வது கேட்டது. எஞ்சினுக்கு அடியில் கிடந்த எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.